பின்னால் 13,500 பவுண்டு: புது வடிவ சூப்பர் டியூட்டியோடு ஆறு நாள்

முதல் நாள்: டென்வர்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் உட்புறத் தூணில் ஓர் ஒட்டுத்தாள் தெரியும். ஆட்களும் பொருட்களும் சேர்ந்து இந்த வண்டியின் மேல் எவ்வளவு எடை ஏறலாம் என்பதை அதில் அச்சிட்டிருப்பார்கள். அண்ணன் வாங்கியிருக்கும் ஃபோர்டு எஃப்-350 வண்டியில் அந்த எண் 3,800 பவுண்டு. இது ஃபோர்டின் கனரகப் பிக்கப் வரிசையான சூப்பர் டியூட்டியைச் சேர்ந்தது. 2023-ஆம் ஆண்டு மாடலாக மறுவடிவம் பெற்று வந்த அந்த வரிசை உச்சமாக 40,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரம் சொல்கிறது. அந்த எண் வரிசையிலேயே பெரிய எஃப்-450-க்கு, அதுவும் குறிப்பிட்ட அமைப்பில் மட்டும் பொருந்துவது. குடும்பத்தோடு கூடாரவண்டி ட்ரெய்லரை இழுத்துச் செல்பவருக்கு முதலில் வந்து தடுக்கும் கணக்கு இந்த ஒட்டுத்தாளில்தான் இருக்கிறது.

அண்ணனும் அண்ணியும் பதினொரு ஆண்டுகளாக ஒரு பழைய சூப்பர் டியூட்டியை வைத்திருந்தார்கள். என்னிடம் இருப்பது அதைவிட ஒரு படி சிறிய பிக்கப். கனரக வண்டிக்கு மாறலாமா என்று இரண்டு ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். "படிச்சு முடிவெடுக்காதே தம்பி, கூட வந்து ஓட்டிப் பாரு" என்று அண்ணன் அழைத்தார். டென்வரிலிருந்து ராக்கி மலையைத் தாண்டி, யூட்டா வழியாக அரிசோனாவில் கொலராடோ ஆற்றங்கரை வரை போய், அங்கே டேவிஸ் அணை ஏற்றத்தில் வண்டியை ஏற்றிப் பார்ப்பது என்பது திட்டம். அந்த ஏற்றம் ஏன் என்பதை அங்கே போய்ச் சேரும் நாளில் எழுதுகிறேன்.

இன்று முழுவதும் வண்டியையும் ட்ரெய்லரையும் பூட்டுவதிலும் எடை போடுவதிலுமே போனது. எங்கள் ட்ரெய்லர் ஃபிஃப்த் வீல் வகை. அதாவது பம்பருக்குப் பின்னால் உருண்டையில் மாட்டாமல், பிக்கப்பின் சரக்குத் தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர்மேலே பொருத்திய இணைப்பில் மாட்டுவது. ட்ரெய்லரின் முன்கழுத்திலிருந்து கைத்தடிமனுள்ள இரும்பு முளை ஒன்று கீழ்நோக்கி நிற்கும். அந்த முளை இணைப்பின் தாடைக்குள் நேராக நுழைய வேண்டும். நுழைந்ததும் தாடை மூடிக்கொள்ளும் சத்தம் 'டக்' என்று கேட்கும், பூட்டுமுள்ளைச் செருக வேண்டும், பிறகு ட்ரெய்லரின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை மெல்ல முன்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும். பழைய வண்டியில் இதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. பின்கதவைக் கீழே இறக்கிவிட்டால் அதிலிருக்கும் கேமரா தரையைப் பார்க்கத் தொடங்கிவிடும் என்பதால், அண்ணி பின்னால் நின்று கைகாட்டுவார்.

புது வடிவத்தில் பின்கதவின் மேல் விளிம்பிலேயே இன்னொரு கேமராவை வைத்திருக்கிறார்கள். கதவு இறங்கிக் கிடக்கும்போது அது நேராகப் பின்னால் பார்க்கிறது. அண்ணன் தனியாகவே இரண்டாம் முயற்சியில் முளையைத் தாடைக்குள் கொண்டுவந்துவிட்டார். பூட்டிய பிறகு மூவருமாக இறங்கிப்போய்க் கண்ணால் பார்த்தோம். கேமரா எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பழக்கத்தை விடக்கூடாது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

தொட்டியின் ஓரத்தில், கேபினுக்குச் சற்றுப் பின்னால் கால் வைத்து ஏற ஒரு படியும், பின் பம்பரின் மூலைகளில் பாதம் பதியும் அளவுக்கு வெட்டிய படிகளும் புதிதாக வந்திருக்கின்றன. சொல்லும்போது இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் முன்பெல்லாம் டயரின் மேல் கால் வைத்து ஏறிக்கொண்டிருந்த, அறுபதைத் தாண்டிய அண்ணி இன்று நாலு முறை படியில் கால் வைத்து ஏறி இறங்கினார். இந்த மறுவடிவமைப்பில் அவர் முதலில் பாராட்டியது அதைத்தான், நானும் அவர் பக்கம்தான். செவ்ரலே நிறுவனம் தன் கனரகப் பிக்கப்பான சில்வராடோ எச்.டி.யை 2020 மாடலாக மறுவடிவம் செய்தபோதே தொட்டியின் பக்கவாட்டில் இப்படி ஒரு படியைச் செதுக்கியிருந்தது. இந்தப் போட்டியில் நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்வதால் வாங்குபவருக்குத்தான் லாபம்.

மாலையில் லாரிகள் நிறுத்தும் ஓய்விடத்தில் கேட் (CAT) என்ற பொது எடைமேடையில் ஏற்றினோம். முன் அச்சு ஒரு பலகையிலும் பின் அச்சு இன்னொன்றிலும் ட்ரெய்லரின் சக்கரங்கள் மூன்றாவதிலும் நிற்கும்படி நிறுத்தினால் மூன்று எடைகளையும் தனித்தனியாக அச்சிட்டுத் தருவார்கள். முன் அச்சு 4,960, பின் அச்சு 6,140, ட்ரெய்லர் சக்கரங்கள் 10,800, ஆக மொத்தம் 21,900 பவுண்டு. ட்ரெய்லரின் எடை 13,500. அதில் 2,700 பவுண்டை, சரியாக ஐந்தில் ஒரு பங்கை, அது பிக்கப்பின் முதுகில் இறக்குகிறது. நாங்கள் மூவரும், இணைப்புக் கருவியும், மற்ற சாமான்களும் இன்னொரு 700. ஆக, 3,800-இல் 3,400 போய்விட்டது. நாங்கள் ஏற்றியிருப்பது வண்டியின் இழுவைத் திறனில் பாதியைக் கொஞ்சம் தாண்டியதுதான், ஆனால் முதுகில் மீதமிருப்பது 400 பவுண்டு. கனரகப் பிக்கப் வாங்குபவர்கள் இழுவை எண்ணைப் பார்த்து வாங்கிவிட்டு முதுகெண்ணில் ஏமாறுவது இப்படித்தான். இந்தக் கணக்கில் எந்த மறுவடிவமைப்பும் பெரிய மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. சொல்லப்போனால் பெரிய திரை, சொகுசு இருக்கை, கண்ணாடிக் கூரை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க அந்த எடையெல்லாம் இதே 3,800-இலிருந்துதான் கழிகிறது.

இரண்டாம் நாள்: டென்வரிலிருந்து ஃப்ரூட்டா

ஐ-70 நெடுஞ்சாலை டென்வரை விட்டதுமே ஏறத் தொடங்கிவிடுகிறது. ஜார்ஜ்டவுன் ஊரைத் தாண்டியதும் ஏற்றம் கடுமையாகி, ஐசனோவர் சுரங்கத்தில் போய் முடிகிறது. அதன் மேற்கு வாயில் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. மேற்கே போகும் நாம் நுழைவது 1973-இல் திறந்த ஐசனோவர் குழாய். கிழக்கே வருபவர்களுக்கான ஜான்சன் குழாயை 1979-இல் திறந்தார்கள்.

இந்த உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால், டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு வலுவை இழக்கும். அதன்படி 11,000 அடியில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். இதே சூப்பர் டியூட்டியில் 7.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜினை வாங்கியவர்கள், அது எளிமையானது, பராமரிப்புச் செலவு குறைந்தது என்று சொல்வதை நான் மதிக்கிறேன். சமவெளியில் ஓட்டுபவருக்கு அதுவே போதும். ஆனால் அண்ணனுடையது 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல். 475 குதிரைத்திறனும் 1,050 பவுண்டு-அடி முறுக்குவிசையும் கொண்டது. டர்போ காற்றை அழுத்திக் கொடுப்பதால் இழப்பு வெகுவாகக் குறைகிறது. சுரங்கத்தின் வாயிலை 55 மைல் வேகத்தில் தொட்டோம். பத்துக் கியர் பெட்டி எந்தக் கியரிலிருந்து எந்தக் கியருக்கு மாறியது என்பது காதில் விழவே இல்லை.

ஏறுவதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். நான் எழுத விரும்புவது இறங்குவதைப் பற்றி. சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் சில்வர்தார்ன் வரை ஏறக்குறைய எட்டு மைல் ஒரே சரிவு. பிரேக் பிடிக்காத லாரிகள் ஏறி நிற்கச் சரளைக்கல் நிரப்பிய அவசர வழிகள் சாலையோரத்தில் இருக்கின்றன. 21,900 பவுண்டை இந்தச் சரிவில் காலால் மிதித்தே கட்டுப்படுத்தினால் பிரேக் சூடேறி மணம் வரத் தொடங்கும், அதற்கு மேல் மிதித்தால் பிடிப்பே குறைந்துவிடும்.

அண்ணன் மேலே இருக்கும்போதே வேகத்தை 45-க்குக் கொண்டுவந்து, புகைவழி பிரேக்கின் பொத்தானை அழுத்தினார். டர்போவுக்குள் இருக்கும் இதழ்கள் மூடிக்கொண்டு, வெளியேறும் புகையைத் தடுத்து, இன்ஜினையே பின்னுக்கு இழுக்கும் அமைப்பு அது. கியர் பெட்டி தானாகக் கீழ்க்கியருக்கு இறங்கியது. ஒரு நீண்ட உறுமல் கேட்டது. வேகமுள் 45-இலேயே நின்றது, எட்டு மைலில் அண்ணன் காலால் பிரேக்கைத் தொட்டது நான்கு முறை. நான் ஓட்டும் சிறிய பிக்கப்பில், இதில் மூன்றில் ஒரு பங்கு எடையோடு இதே சரிவில் இறங்கியபோது கைகள் வியர்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கனரக வண்டி எதற்கு என்று கேட்பவருக்கு நான் காட்டக்கூடிய இடம் இந்த எட்டு மைல்தான்.

கிளென்வுட் பள்ளத்தாக்கில், ஆற்றை ஒட்டி 1992-இல் முடித்த சாலையில் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஃப்ரூட்டாவில் முகாம் போட்டோம்.

பக்கத்து இடங்களில் ஒரு ராம் 3500-உம் ஒரு சில்வராடோ 2500-உம் நின்றன. ராம்காரர் குதிரைகளை ஏற்றிச் செல்பவர், சில்வராடோகாரர் கட்டட வேலை செய்பவர். கனரகப் பிக்கப் வைத்திருப்பவர்கள் மூன்று பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பேச்சு வேறெங்கும் போகாது. ராம்காரருக்குக் கம்மின்ஸ் இன்ஜின்தான் உயிர். 1989 மாடலிலிருந்து அந்த வண்டியில் இருக்கும், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் அமைந்த இன்ஜின் அது. 2025 மாடலில் அதற்கு எட்டுக் கியர் இசட்.எஃப். பெட்டியைக் கொடுத்து முறுக்குவிசையை 1,075-க்கு உயர்த்தியபோது, பல ஆண்டுகளாகத் தான் கேட்டுக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது என்றார். காற்றைச் சூடாக்கும் கம்பிவலையை எடுத்துவிட்டுச் சூடேற்றும் முளைகளை வைத்ததைத்தான் அதைவிடப் பெரிதாகப் பாராட்டினார். அந்த வலையைப் பிடித்திருக்கும் மரை தளர்ந்து இன்ஜினுக்குள் போய்விடுமோ என்ற கவலை தன்னைப் போன்ற உரிமையாளர்களிடையே நெடுநாளாக இருந்தது என்றார்.

சில்வராடோகாரர் தன் வண்டியின் முகத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. 2020 மாடலாக அந்த முகம் வந்தபோது நாடு முழுவதும் பேசி ஓய்ந்துவிட்டது. அவருக்குப் பிடித்தது, ட்ரெய்லரை ஊடுருவிப் பின்னால் வரும் வண்டிகளைக் காட்டும் கேமராக் காட்சி. ட்ரெய்லரின் முதுகில் ஒன்றும் பிக்கப்பில் ஒன்றுமாக இருக்கும் கேமராக்களின் படங்களை ஒன்றுசேர்த்து, நடுவில் ட்ரெய்லரே இல்லாதது போலக் காட்டுகிறது. எனக்குக் காட்டினார், உண்மையிலேயே நல்ல வேலை.

மூன்றாம் நாள்: மோவாப்

இன்று காலை நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். புறப்பட எல்லாம் தயார். அண்ணன் ஓட்டுநர் இருக்கையில், நான் பக்கத்தில். அண்ணி வழக்கம்போல வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர், முன்னால் போனதும் கையை உயர்த்தினார். "இருங்க, பாப்பா நிக்குது" என்றார். பக்கத்து முகாமைச் சேர்ந்த நான்கு வயதுக் குழந்தை ஒன்று, சின்ன சைக்கிளோடு எங்கள் வண்டியின் மூக்குக்கு முன்னால், ஒரு கை தூரத்தில் நின்று முகப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்ஜினைக் கிளப்பியிருக்கவில்லை. ஆனால் இருக்கையிலிருந்து எனக்கோ அண்ணனுக்கோ அந்தக் குழந்தையின் தலைமுடிகூடத் தெரியவில்லை. இறங்கி நின்றபோது பானட்டின் முன்விளிம்பு என் மார்புக்கு மேல் வந்தது.

மோவாப் வரும் வழியெல்லாம் இதே பேச்சுத்தான். மாலையில் முகாமில் இடம் விசாலமாக இருந்ததால் ஒரு சோதனை செய்தோம். 28 அங்குல உயரமுள்ள ஆரஞ்சு நிறச் சாலைக் கூம்பு ஒன்றை அண்ணன் வைத்திருக்கிறார். அதை வண்டியின் மூக்கை ஒட்டி வைத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் நான் அமர்ந்துகொண்டேன். என் கண்ணில் கூம்பின் நுனி படும் வரை அண்ணி அதைத் தள்ளிக்கொண்டே போனார். பத்தடி தாண்டிய பிறகுதான் தெரிந்தது. ஃப்ரூட்டாவிலிருந்து எங்களோடே வந்த ராம்காரரின் வண்டியிலும், முகாமில் நின்ற ஒரு புது சில்வராடோவிலும் அனுமதி கேட்டு இதையே செய்து பார்த்தோம். சில அங்குலம் முன்பின்னாக மூன்றும் ஒன்றுதான். ஆகவே இதை ஒரு நிறுவனத்தின் குறையாக நான் எழுதவில்லை, இந்த வகை வண்டி முழுவதும் போய்க்கொண்டிருக்கும் திசையைப் பற்றி எழுதுகிறேன்.

பொருட்களைச் சோதித்து வாங்குபவர்களுக்குச் சொல்லும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி 2000-ஆம் ஆண்டிலிருந்து பிக்கப்களின் பானட் உயரம் சராசரியாக நூற்றுக்கு 11 பங்கு கூடியிருக்கிறது. 2017 மாடல் எஃப்-250-இன் பானட் தரையிலிருந்து 55 அங்குல உயரம் என்று அவர்கள் அளந்திருந்தார்கள். சில கார்களின் கூரையே அவ்வளவுதான் இருக்கும். காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2023 நவம்பரில் வெளியிட்ட ஆய்வு, பானட் 40 அங்குலத்தைத் தாண்டும் வண்டிகள் பாதசாரி மீது மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயரமும் சரிவான மூக்கும் கொண்ட வண்டிகளைவிட உயிரிழப்பு ஏற்படும் வாய்ப்பு 45 சதவீதம் அதிகம் என்று சொல்கிறது. வேகத்தோடு மோதுவதைப் பற்றிய ஆய்வு அது. இன்று காலை நாங்கள் கண்டது, வண்டி நகரத் தொடங்கும் முதல் பத்தடியைப் பற்றியது.

வண்டியும் அதன் மேல் ஏறும் சுமையும் சேர்ந்து அனுமதித்த மொத்த எடை 10,000 பவுண்டைத் தாண்டாத புது வண்டிகளுக்குப் பின்புறக் கேமரா 2018 மே மாதத்திலிருந்து அமெரிக்கா முழுவதும் கட்டாயம். முன்னால் எவ்வளவு தெரிய வேண்டும் என்று அப்படி ஒரு விதி இல்லை. 2024 செப்டம்பரில் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், பாதசாரியின் தலையைக் காப்பதற்காக வண்டியின் முன்பகுதி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வரைவு விதியை முன்வைத்தது. அதன் வரம்பும் 10,000 பவுண்டோடு நின்றுவிடுகிறது. அண்ணனின் எஃப்-350-க்கு அனுமதித்த மொத்த எடை 11,500. எந்த வண்டியின் மூக்கு மிக உயரமோ, அந்த வண்டி கணக்கிலேயே வரவில்லை.

வண்டியைச் சுற்றிலும் காட்டும் கேமரா அண்ணனின் வண்டியில் இருக்கிறது. அது கூடுதல் விலைக்கு வாங்கியது, வேலைக்கென்று வாங்கும் அடிப்படை வகைகளில் பெரும்பாலும் இருக்காது. என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நகரத்துக்குள் குழந்தைகளுக்கு நடுவே அன்றாடம் ஓடப்போகும் ஒரு வண்டிக்கு மூக்கை இவ்வளவு உயர்த்திவிட்டு, முன்னால் பார்க்கும் கண்ணுக்குத் தனி விலை கேட்பது தவறு. அது இருக்கைப் பட்டையைப் போல எல்லா வண்டியிலும் சேர்ந்தே வர வேண்டும்.

"முன்னாடி உயரமா இருக்கறதுக்கும் காரணம் இருக்கு தம்பி. உள்ள இருக்கற ரேடியேட்டரைப் பார்த்தியா?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. பதிலை டேவிஸ் அணைக்கு ஒத்தி வைத்திருக்கிறேன்.

நான்காம் நாள்: ஃபிளாக்ஸ்டாஃப்

நீண்ட நாள். பிளஃப் ஊரைத் தாண்டி, மான்யுமென்ட் வேலியின் செம்பாறைத் தூண்களுக்கு நடுவே, கயெண்டா, டியூபா சிட்டி வழியாக வந்தோம். இன்று பெரும்பாலும் நான்தான் ஓட்டினேன். டியூபா சிட்டிக்கு முன்னால் பக்கக்காற்று பலமாக வீசியது. ட்ரெய்லரின் எடை பின் அச்சின் மேலேயே அமர்ந்திருந்ததால் வண்டி அலையவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

12 அங்குலத் திரையைப் பற்றி நான் பயந்திருந்த அளவுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒலி அளவுக்கும் குளிர்சாதனத்துக்கும் திருகும் குமிழ்களையும் பொத்தான்களையும் விட்டுவைத்திருக்கிறார்கள். ட்ரெய்லர் பிரேக்கின் பிடிப்பைக் கூட்டிக் குறைக்கும் விசையும் கைக்கு எட்டும் இடத்தில் தனியாக இருக்கிறது. கையுறையோடு வேலை செய்பவர்களின் வண்டி இது என்பதை யாரோ ஒருவர் நினைவில் வைத்திருந்திருக்கிறார்.

டீசலோடு, அதன் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாக் கரைசலும் இன்று நிரப்பினோம். ட்ரெய்லரோடு கேலனுக்கு 9.8 மைல் கிடைத்தது. இந்த எடையுள்ள வண்டிகளுக்கு அரசு எரிபொருள் மதிப்பெண் வெளியிடுவதில்லை என்பதால், விற்பனைக் கூடத்தில் கண்ணாடியில் ஒட்டிய தாளில் அந்த எண் இருக்காது. வாங்குபவர் முன்பு வாங்கியவரைத்தான் கேட்க வேண்டும். அதனால்தான் எண்ணை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐந்தாம் நாள்: புல்ஹெட் சிட்டி

கிங்மனில் ஐ-40-ஐ விட்டு, 68-ஆம் எண் சாலையில் யூனியன் கணவாயைத் தாண்டி ஆற்றங்கரைக்கு இறங்கினோம். நாளை ஏற வேண்டிய சாலையில் இன்று இறங்கியாகிவிட்டது. மலையில் குளிராக இருந்த அதே செப்டம்பர் முதல் வாரம், இங்கே மாலை ஐந்து மணிக்கு 106 டிகிரி ஃபாரன்ஹீட்.

டேவிஸ் அணை ஏன் என்பதை இப்போது சொல்கிறேன். ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் வண்டி இவ்வளவு இழுக்கும் என்று தன் விருப்பப்படி அறிவித்துக்கொண்டிருந்தது. எஸ்.ஏ.இ. பொறியாளர் சங்கம் 2008-இல் ஜே2807 என்ற ஒரே அளவுகோலை வெளியிட்டது. அதன் ஏற்றச் சோதனைக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது இந்த 68-ஆம் சாலையைத்தான். 11.4 மைல் ஏற்றம், வெளியே 100 டிகிரி வெயில், குளிர்சாதனம் முழு வேகத்தில் ஓட வேண்டும். பின் அச்சில் இரண்டு சக்கரம் உள்ள வண்டி 40 மைலுக்குக் கீழும், நான்கு சக்கரம் உள்ளது 35 மைலுக்குக் கீழும் இறங்கக்கூடாது. விளம்பரத்தில் வரும் பெரிய எண்ணுக்குப் பின்னால் இப்படி ஒரு சாலை இருப்பது எனக்கு நிறைவாக இருக்கிறது. அது நாம் போய் ஓட்டிப் பார்க்கக்கூடிய சாலை.

ஆறாம் நாள்: யூனியன் கணவாய்

வெயில் ஏறட்டும் என்று பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். வெளியே 108 டிகிரி. குளிர்சாதனத்தை முழுவதுமாகத் திருப்பி வைத்தேன். ஸ்டியரிங் என் கையில்.

ஆற்றங்கரையிலிருந்து கணவாய் வரை ஏறக்குறைய 3,000 அடி ஏற வேண்டும். முதல் மூன்று மைல்களில் ஒன்றும் தெரியவில்லை. 60 மைல் வேகத்தில் வண்டி போய்க்கொண்டிருந்தது. நான்காம் மைலில் குளிர்நீரின் வெப்பமுள் நடுக்கோட்டைத் தாண்டி மெல்ல நகர்ந்தது. அடுத்த சில நொடிகளில் பானட்டுக்குள்ளிருந்து ஒரு பெரிய இரைச்சல் கிளம்பியது, விமானம் ஓடுதளத்தில் வேகமெடுப்பது போல. நான் பதறிவிட்டேன். அண்ணன் என் தோளைத் தொட்டு, "ஒண்ணுமில்லை, விசிறி பூட்டிக்கிச்சு. மிதிச்சுட்டே போ" என்றார். சாதாரண ஓட்டத்தில் சும்மா சுழன்றுகொண்டிருக்கும் பெரிய விசிறி, சூடு கூடியதும் கிளட்ச் பிடித்து இன்ஜினோடு சேர்ந்து சுற்றத் தொடங்கும் சத்தம் அது. முள் நின்றது. கொஞ்ச நேரத்தில் பின்னுக்கு வந்தது. இரைச்சல் அடங்கியது. இன்னும் இரண்டு மைல் போனதும் மறுபடியும் கிளம்பியது. கணவாயின் உச்சியைத் தொடும் வரை இப்படி நான்கு முறை. ஒரே ஓர் இடத்தில், முன்னால் போன சரக்கு லாரிக்காக 48-க்கு இறங்கியதைத் தவிர, வேகம் 60-ஐ விட்டுக் குறையவில்லை. எங்கள் சுமை இந்த வண்டியின் முழு இழுவைத் திறன் இல்லை என்பதால் இதை எஸ்.ஏ.இ. சோதனைக்குச் சமமாக நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் 108 டிகிரி வெயிலில் 21,900 பவுண்டை இப்படி ஏற்றிச் செல்லும் ஒரு வண்டியை உருவாக்கியவர்கள் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு வந்தது.

உச்சியில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் ஐந்து நிமிடம் ஓடவிட்டு டர்போவை ஆறவைத்தோம். அப்போது அண்ணனின் கேள்விக்குத் திரும்பினேன். முன்முகத்தின் அகலத்துக்கும் காற்றுத் துளைகளின் பரப்புக்கும் காரணம் இருக்கிறது என்பதை இன்று காதாலேயே கேட்டுவிட்டேன். அந்த ரேடியேட்டருக்கு அவ்வளவு காற்று வேண்டும். கிரில் தேவையில்லாமல் பெரிதாக இருக்கிறது என்று புறப்படுவதற்கு முன் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்ததை மாற்றிக்கொள்கிறேன்.

ஆனால் காற்று வேண்டும் என்பதற்காகப் பானட்டின் மேல்விளிம்பு அவ்வளவு உயரத்தில் பெட்டியின் மூலை போல நிற்க வேண்டும் என்பதில்லை. இதே வரிசையில் 500 குதிரைத்திறன் கொண்ட அதிக வலுவுள்ள டீசலுக்குக் கூடுதல் குளிர்ச்சி தேவைப்பட்டபோது, கூடுதல் காற்றுக்கான வழியை பம்பரிலேயே கீழே திறந்துவிட்டார்கள். கீழே இடம் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. மேல்விளிம்பை முன்னோக்கிச் சரித்து இறக்கினால் முன்னால் உள்ள பத்தடியில் பாதியாவது கண்ணுக்குக் கிடைக்கும். கேபினை இன்ஜினுக்கு மேலேயே வைத்த இசுசு லாரிகளை இதே சாலைகளில் பார்க்கிறோம். அவற்றின் ஓட்டுநர் தன் பம்பருக்கு முன்னால் நிற்பவரைக் கண்ணாடி வழியாகவே பார்க்கிறார். பிக்கப் அந்த வடிவத்துக்கு வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பின்னால் இவ்வளவு கண்களையும், இறங்கும்போது இவ்வளவு பிடிப்பையும், ஏறிக்கொள்ளப் படியையும் யோசித்துக் கொடுத்தவர்களால் முன்னால் உள்ள பத்தடியையும் யோசிக்க முடியும் என்றுதான் சொல்கிறேன்.

அண்ணன் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரிச்சா பார்க்கறதுக்குக் கம்பீரம் போயிடும்னு விற்கறவன் சொல்வான்" என்றார். "உனக்கு வேணுமா, வேண்டாமா? அதைச் சொல்லு."

வேண்டும் என்றேன். டீசல்தான், எஃப்-350-தான், ஆனால் கண்ணாடிக் கூரையும் சொகுசு இருக்கையும் இல்லாத கீழ்வகை. அந்த எடை எனக்கு முதுகெண்ணில் வேண்டும். சுற்றிலும் காட்டும் கேமராவை மட்டும் எவ்வளவு கூடுதலானாலும் சேர்த்துக்கொள்வேன்.

அண்ணி தண்ணீர்ப் புட்டியோடு இறங்கிப்போய், கிரில்லின் நடுவில் பூச்சிகள் ஒட்டி மங்கியிருந்த முன்கேமராவின் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தார். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மூக்குக்கு முன்னால் யாரும் இல்லை என்று கைகாட்டிவிட்டு ஏறிக்கொண்டார். கிங்மனை நோக்கிப் புறப்பட்டோம்.